"இந்தத் தடவை விட்டுக் கொடும்மா": நகர்மன்றத் தேர்தலில் நிற்க நினைக்கும் வாசகிக்கு

கேள்வி: எனக்கு வயது 44. சொந்த ஊர் ஈரோடு. மினியாபொலிசை ஒட்டிய ஒரு புறநகரில் பதினாறு வருடமாக இருக்கிறோம். குடியுரிமை வாங்கி ஆறு வருடம் ஆகிறது. எங்கள் வார்டு கவுன்சிலர் இந்த முறை நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். தெருவிளக்கு, பூங்கா, நடைபாதையில் பனி அள்ளாதது என்று நகர்மன்றக் கூட்டங்களில் போய்ப் பேசிப் பழக்கம் இருப்பதால், நிற்கலாமே என்று எனக்கு ஓர் ஆசை. ஏற்கெனவே இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். ஒருவர் நகரத் திட்டக் குழுவில் பத்து வருடம் இருந்தவர். இன்னொருவர் சோமாலியாவிலிருந்து வந்த செவிலியர். மகளின் பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் எனக்குப் பழக்கம், தொலைபேசி எண் கூட இருக்கிறது. நானும் நின்றால் அவர் ஓட்டைப் பிரித்துவிடுவேன், இரண்டு பேரும் தோற்போம், "இந்தத் தடவை விட்டுக் கொடும்மா" என்கிறார் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மூத்த ஒருவர். என் கணவரோ, இங்கே தரவரிசை வாக்குமுறைதானே, வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிக்கலாமே, ஓட்டைப் பிரிப்பது என்ற பேச்சே கிடையாது என்கிறார். யார் சொல்வது சரி? நம்மைப் போன்றவர்கள் தேர்தலில் நிற்க இந்த முறை உண்மையிலேயே உதவுகிறதா, வெறும் பேச்சா?

பதில்: உங்கள் கணவர் சொல்வது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசி அந்த மூத்தவர் பக்கம் இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கும் காரணத்தால் இல்லை.

பதினெட்டு வருடமாக மினசோட்டாவில் உள்ளூர்த் தேர்தல் வேட்பாளர்களோடு வேலை பார்க்கிறேன். வார்டு கவுன்சிலர், பள்ளி வாரியம், பூங்கா வாரியம் என்று சின்னப் பதவிகள்தான். நான் பார்த்தவரை, பலர் தோற்பது நவம்பர் மாதம் ஓட்டு எண்ணும்போது இல்லை. மனுத் தாக்கலுக்கு முன்பே, அக்கறையுள்ள ஒருவர் அன்பாகப் பேசுகிற ஒரு தொலைபேசி அழைப்பில் தோற்றுவிடுகிறார்கள். "நீங்கள் நல்ல ஆள், ஆனால் இப்போது நேரம் சரியில்லை. அடுத்த தடவை நாங்களே உங்களுக்கு வேலை பார்க்கிறோம்." இந்த அழைப்பு யாருக்கு வருகிறது என்றும் கவனித்திருக்கிறேன். திட்டக் குழுவில் பத்து வருடம் இருந்தவருக்கு அது வராது. வாடகை வீட்டில் இருப்பவர், வயதில் சின்னவர், வேறு நாட்டிலிருந்து வந்தவர், பெண், இவர்களுக்குத்தான் வரும். உங்களுக்கு வந்துவிட்டது.

சங்கடம் என்னவென்றால், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்கிற பழைய முறையில் அந்த அறிவுரை தப்பே இல்லை. ஓட்டைப் பிரிக்கவே நிறுத்தப்பட்ட சுயேச்சை, அதே பெயரில் இன்னொருவரை இறக்கிவிடுவது, கூட்டணி உடைந்தால் எதிராளிக்குக் கொண்டாட்டம், இதையெல்லாம் ஈரோட்டில் பார்த்துத்தானே வளர்ந்தீர்கள். அந்தக் கணக்கைத்தான் மூத்தவர் போடுகிறார். தரவரிசை முறை மாற்றுவது முதலில் இந்தக் கணக்கைத்தான்.

நூறு ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். திட்டக் குழுக்காரருக்கு 42, செவிலியருக்கு 31, உங்களுக்கு 27. பழைய முறையென்றால் திட்டக் குழுக்காரர் ஜெயித்தார், நீங்கள் பழியோடு வீட்டுக்குப் போவீர்கள். தரவரிசை முறையில் யாரும் பாதியைத் தாண்டவில்லை என்பதால், கடைசியில் இருக்கும் உங்களைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டு, உங்களுக்கு விழுந்த 27 வாக்குச்சீட்டுகளிலும் இரண்டாவதாக யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அதில் 20 செவிலியருக்கு, 4 திட்டக் குழுக்காரருக்கு, 3 வெறுமனே விடப்பட்டவை என்றால், செவிலியர் 51, திட்டக் குழுக்காரர் 46. நீங்கள் நின்றதால் செவிலியருக்கு ஒரு குறையும் வரவில்லை. சொல்லப்போனால் செவிலியர் போகாத வீடுகளிலிருந்தும் ஓட்டைத் திரட்டி அவர் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

இப்போது அந்தக் கால்வாசிக்கு வருகிறேன். எண்களைத் திருப்பிப் போடுங்கள். நீங்கள் 31, செவிலியர் 27. செவிலியரின் ஆதரவாளர்களில் 10 பேர் மட்டும் உங்களை இரண்டாவதாகக் குறித்திருக்கிறார்கள், 4 பேர் திட்டக் குழுக்காரரை, 13 பேர் முதல் பெயரோடு நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு 41, திட்டக் குழுக்காரருக்கு 46. தோற்றீர்கள். ஓட்டு பிரிந்துதான் போயிற்று. பிரிய வேண்டாம் என்று சட்டம் வழி வைத்திருந்தும், வாக்காளருக்கு யாரும் சொல்லித் தராததால் பிரிந்தது. முறை தானாக எதையும் சேர்த்து வைக்காது, வாக்காளர் எழுதினால்தான் உண்டு.

நம்மவர்களிடம் இதில் இரண்டு தப்பான எண்ணங்கள் இருக்கின்றன. "நமக்கு மட்டும் போடுங்கள், வேறு யாருக்கும் போடாதீர்கள்" என்று சொல்வது சாமர்த்தியம் என்பது ஒன்று. முதல், இரண்டு, மூன்று எல்லாவற்றிலும் உங்கள் பெயரையே நிரப்பினால் மூன்று பங்கு பலம் என்பது இன்னொன்று. இரண்டுமே வீண். நீங்கள் போட்டியில் இருக்கும்வரை உங்கள் ஆதரவாளரின் இரண்டாவது விருப்பத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் அது உங்களைத் தோற்கடிக்கவும் முடியாது. ஒரே பெயரை மூன்று தடவை எழுதினாலும் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள்.

உங்கள் வார்டில் இலங்கைத் தமிழர் குடும்பங்கள் இருந்தால் அவர்களிடம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கும். அங்கே ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதும் வழக்கம் 1982இலிருந்து இருக்கிறது, ஆனாலும் இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது 2024இல்தான் முதல்முறை. அங்கே முதல் இருவரைத் தவிர எல்லோரையும் ஒரே அடியாக நீக்கிவிடுவார்கள். இங்கே கடைசியிலிருந்து படிப்படியாகத்தான் நீக்குவது வழக்கம். பாராளுமன்றத் தேர்தலில் அவர்கள் சொல்லும் "விருப்பு வாக்கு" முற்றிலும் வேறு சங்கதி. அதில் கட்சிக்குள் மூன்று பேரைக் குறிக்கலாம், வரிசை கிடையாது. இந்தியாவிலிருந்து வந்தவர்களிடம் 1969 குடியரசுத் தலைவர் தேர்தலைச் சொல்லுங்கள். வி.வி. கிரிக்கு முதல் விருப்ப வாக்கில் பாதி கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகள் சேர்ந்துதான் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தாண்டினார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

சரி, இந்த முறையால் உண்மையில் யார் நிற்கிறார்கள் என்பதற்கு வருவோம்.

கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 2010இல்தான் முதல்முறையாக இப்படி மேயர் தேர்தல் நடந்தது. டான் பெராட்டா பெரிய புள்ளி, மாநில செனட்டின் தலைவராக இருந்தவர், பணமும் அதிகம். முதல் விருப்பத்தில் அவருக்குச் சுமார் 34 சதவீதம், ஜீன் குவானுக்குச் சுமார் 24. பழைய முறையென்றால் குவானையோ மூன்றாவதாக வந்த ரெபேக்கா கேப்லனையோ முன்பே யாராவது உட்காரவைத்து "ஒருவர் விலகுங்கள்" என்று பேசியிருப்பார்கள். இங்கே இருவரும் நின்றார்கள், ஒருவருக்கொருவர் இரண்டாம் விருப்பம் கேட்டார்கள். கடைசிச் சுற்றில் குவான் ஜெயித்தார். வாதம் விலகலில் முடியாமல் போட்டியில் முடிந்தது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

ஆனால் எல்லாப் புகழையும் இந்த முறைக்கே கொடுத்துவிடக் கூடாது. நியூயார்க் நகரத்தில் 2021இல் பிரைமரி எனப்படும் முதற்கட்டத் தேர்தல்களில் இது வந்தது. அந்த வருடம் 51 பேர் கொண்ட நகர்மன்றத்துக்கு 31 பெண்கள் தேர்வானார்கள். அதுவரை அங்கே பெண்கள் பெரும்பான்மையாக இருந்ததே இல்லை. ஷஹானா ஹனீஃப், சேகர் கிருஷ்ணன் என்று தெற்காசியர்களும் முதல்முறையாக உள்ளே போனார்கள். தரவரிசை முறையின் ஆதரவாளர்கள் இதை மேடைதோறும் சொல்வார்கள். அதே வருடம் பதவிக்கால வரம்பால் பாதிக்கும் மேற்பட்ட இடங்கள் காலியாக இருந்தன என்பதையும், உள்ளூர்வாசி தரும் சிறு நன்கொடையில் ஒவ்வொரு டாலருக்கும் நகரம் எட்டு டாலர் சேர்த்துக் கொடுத்தது என்பதையும் மெதுவாகத்தான் சொல்வார்கள். இதே முறையைப் பின்பற்றும் நம் பக்கத்து செயின்ட் பால் நகரில் 2023இல் ஏழு இடங்களுக்கும் ஏழு பெண்கள், எல்லோரும் நாற்பது வயதுக்குக் கீழே. அதில் நான்கு இடங்களில் பழைய உறுப்பினர் போட்டியிடவில்லை. காலியான நாற்காலி, கொஞ்சம் பணம், அப்புறம்தான் வாக்குமுறை: என் அனுபவத்தில் முக்கியத்துவ வரிசை இதுதான். உங்கள் வார்டில் நாற்காலி காலி. முதல் அதிர்ஷ்டம் அதுதான்.

வேட்பாளர் கூட்டம் கூடும் என்ற பயமும் உண்டு. மினியாபொலிசில் 2013 மேயர் தேர்தலில் 35 பேர் நின்றார்கள். எண்ணி முடிக்க 33 சுற்று. பெட்சி ஹாட்ஜஸ் ஜெயித்தபோதும், விழுந்த மொத்தச் சீட்டில் அவருக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருந்தது; மற்ற சீட்டுகளில் பல, மூன்று விருப்பமும் தீர்ந்து பாதி வழியிலேயே நின்றுவிட்டன. தரவரிசை முறை வந்தால் இப்படித்தான் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் மேயர் நாற்காலி காலியாக இருந்தது, மனுக் கட்டணம் 20 டாலர். இருபது டாலருக்குப் பெயர் அச்சில் வரும் என்றால் யார் விடுவார்கள்? நீங்கள் ஈரோடு என்பதால் மொடக்குறிச்சி நினைவிருக்கும்: 1996இல் விவசாயிகள் எதிர்ப்புக்காக மனுப் போட்டு 1033 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டு புத்தகம் மாதிரி. அங்கே தரவரிசையும் இல்லை, ஒன்றுமில்லை. சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாயாக இருந்தது, அந்த வருடமே 5,000 ஆக்கினார்கள். மினியாபொலிசிலும் 2014இல் வாக்காளர்கள் மேயர் கட்டணத்தை 500 டாலராக உயர்த்தினார்கள், கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் பணம் வேண்டாம் என்ற வழியோடு. 2017இல் 16 பேர், 2021இல் 17, 2025இல் 15. முதல் உற்சாகம் அடங்கிவிட்டது. ஓரிகனின் போர்ட்லாந்தில் 2024இல் 12 இடங்களுக்கு 98 பேர் நின்றதையும் அப்படித்தான் பார்க்கிறேன். அங்கே ஒரு தொகுதிக்கு மூன்று உறுப்பினர், நான்கில் ஒரு பங்கு ஓட்டே போதும் என்பது வேறு. வார்டு கவுன்சிலர் பதவிக்கு இந்தக் கூட்டமெல்லாம் வராது. மூன்று பேர் வந்தாலே பெரிய விஷயம். இரண்டே பேர் என்றால் இந்த முறைக்கு அங்கே வேலையே இல்லை.

உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கப்போவது, பலரும் கவனிக்காத ஒன்று. இந்த முறையைப் பின்பற்றும் மினசோட்டா நகரங்களில் நகர்மன்றத்துக்கு ஆகஸ்ட் பிரைமரி இல்லை. ஆகஸ்டில் பாதி ஊர் ஏரிக்கரைக் குடிலில் இருக்கும். நம்மவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளோடு இந்தியாவிலிருந்து திரும்பியிருக்கவே மாட்டார்கள். அந்த மாதத்தில் ஓட்டுப் போட வருகிறவர்கள் நகராட்சியில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழைய ஆட்கள். மூன்று பேரில் ஒருவரை அந்தச் சின்னக் கூட்டம் வெட்டிவிடும், அது பெரும்பாலும் புதியவராக இருக்கும். இப்போது அந்த வெட்டு இல்லை. இரண்டு தேர்தலுக்குப் பதில் ஒன்றுக்குத்தான் செலவு. மனுத் தாக்கலும் மே மாதக் கடைசியில் இல்லாமல் ஜூலைக் கடைசியில்தான் தொடங்கும். செயின்ட் பாலில் கவோலி ஹெர் 2025 ஆகஸ்டில்தான் மேயர் போட்டிக்கே வந்தார். இரண்டு முறை ஜெயித்திருந்த மெல்வின் கார்ட்டருக்கு எதிராக, முதல் எண்ணிக்கையில் பின்தங்கி, அடுத்த சுற்றில் ஜெயித்தார். மே மாதமே முடிவெடுக்கச் சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இந்த முறை தொடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். புறநகர்க் கவுன்சிலர் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. உங்கள் வேலை மாலை நேரக் கூட்டங்களுக்கு இடம் கொடுக்குமா, பிள்ளையை யார் பார்ப்பது என்பதெல்லாம் எந்த வாக்குமுறையாலும் தீராது. பணம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சங்க நண்பர்கள் ஆசையாகக் காசோலை நீட்டுவார்கள். பச்சை அட்டை வைத்திருப்பவர் நன்கொடை தரலாம். எச்1பி விசாவில் இருப்பவர் தரக்கூடாது, நகர்மன்றத் தேர்தலுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். வாங்கிவிட்டால் மாட்டுவது நீங்கள். சம்பளமில்லாமல் உதவிக்கு வரலாம், துண்டுப்பிரசுரம் மடிக்கலாம்.

ஓட்டும் அப்படித்தான். பொங்கல் விழாவுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். அதில் குடியுரிமை வாங்கியவர்கள் எத்தனை பேர், அதிலும் உங்கள் வார்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று உட்கார்ந்து எண்ணினால் ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்குக் கூடத் தேறாது. உங்கள் செவிலியர் நண்பருக்கும் அதே நிலைமைதான் இருக்கும். சொந்த ஜனத்தின் ஓட்டில் மட்டும் யாரும் ஜெயிக்க முடியாத இடத்தில், மற்றவர்களின் இரண்டாம் விருப்பம்தான் உங்கள் சொத்து. அதே சமயம், முதல் விருப்பம் கிடைக்காமல் எல்லோருக்கும் இரண்டாவதாக மட்டும் இருப்பவர் முதல் சுற்றிலேயே வெளியே போய்விடுவார் என்பதையும் மறக்க வேண்டாம்.

வீடு வீடாகப் போவதே இதனால் மாறுகிறது. எதிராளியின் பலகை முற்றத்தில் நட்டிருந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போ என்றுதான் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது நான் அந்த வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டச் சொல்கிறேன். சில வருடம் முன்பு என்னோடு வேலை பார்த்த ஒரு வேட்பாளர், கூச்ச சுபாவம், இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரு சனிக்கிழமை வம்பாக இழுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்த பெரியவர் பலகையைக் காட்டி, "பார்த்தீர்கள்தானே?" என்றார். இவர், "பார்த்தேன், நல்ல மனிதர். அவருக்கு அடுத்தபடியாக என்னை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்க வந்தேன்" என்றார். இருபது நிமிடம் கழிவுநீர்க் குழாயைப் பற்றிப் பேச்சு. எதிராளியைத் திட்டி ஓட்டுக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை வராது. திட்டத் தெரியாது என்பதாலேயே ஒதுங்கியிருந்த சிலர், நின்றுதான் பார்ப்போமே என்று துணிந்ததை நான் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கையை விட இந்த மாற்றம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

செவிலியரோடு கூட்டுச் சேர்வதா? சேரலாம், அதிகம் நம்ப வேண்டாம். நியூயார்க்கில் 2021 மேயர் போட்டியில் ஆண்ட்ரூ யாங் தன் ஆதரவாளர்களிடம் கேத்ரின் கார்சியாவை இரண்டாவதாகப் போடச் சொன்னார். கார்சியா பதிலுக்கு அப்படிச் சொல்லவில்லை. அங்கேயே 2025 மேயர் போட்டியில் ஸோரான் மம்தானியும் பிராட் லேண்டரும் ஒருவருக்கொருவர் வெளிப்படையாக ஆதரவு கொடுத்தார்கள், நன்றாகவே வேலை செய்தது. அதே வருடம் மினியாபொலிசில் மேயர் ஜேக்கப் ஃப்ரேயை எதிர்த்து மூன்று பேர் கைகோத்தார்கள், ஃப்ரே ஜெயித்துவிட்டார். வேட்பாளர்கள் கைகுலுக்கினால் ஆதரவாளர்கள் எல்லோரும் அப்படியே கூட வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் இருவர் விஷயத்தில் ஒரு கூட்டறிக்கை கூட வேண்டியதில்லை. ஒரே பூங்காவில் ஒரே சனிக்கிழமை இரண்டு பேரும் நின்று, மாதிரிச் சீட்டை வைத்துக்கொண்டு, மூன்று கட்டத்தையும் எப்படி நிரப்புவது என்று காட்டினால் போதும். மேலே நான் சொன்ன, முதல் பெயரோடு நின்றுவிட்ட அந்த 13 சீட்டுகள் குறையும்.

ஆக, என் பதில்: நில்லுங்கள், மாலை நேரமும் வீட்டு ஏற்பாடும் இருந்தால். நேரம் இல்லையென்றால் நேரம் இல்லை என்று சொல்லி விலகுங்கள். ஓட்டைப் பிரிப்பேன் என்ற காரணத்துக்காக விலக வேண்டாம். அந்த மூத்தவரிடம் கோபப்படாதீர்கள், நூறு ஓட்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். புரிந்துகொண்டால் அவரையே சங்கத்தில் இதை விளக்கச் சொல்லலாம். உங்கள் வாயால் கேட்பதை விட அவர் வாயால் கேட்டால் மரியாதை அதிகம்.

மனுக் கட்டணம், தேதி, செலவுக் கணக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்பதை நகர எழுத்தர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்தச் செவிலியரைக் கூப்பிட்டு நீங்கள் நிற்க நினைப்பதைச் சொல்லிவிடுங்கள். மனுக் கொடுத்த பிறகு வேறு யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்தால், அவருடைய இரண்டாவது கட்டத்தில் உங்கள் பெயர் வருவது கஷ்டம்.